எழுத்துத் திருத்தம்

மாசி 1, செவ்வாய்

இன்று முதல் எனக்கு ஒரு மேசை. தஞ்சையில் அறக்கட்டளை மருத்துவமனையின் மூன்றாம் மாடி, தரவுத்தளப் பிரிவு, சாளரத்தின் ஓரம். இருபத்தேழு ஆண்டுகள் தனித்தமிழ் மேடைகளில் ஒலிவாங்கியின் முன் நின்றவனுக்கு எட்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்திருப்பது எளிதாக இல்லை.

காரணத்தைக் குறித்து வைக்கிறேன். என் குரல்நாணில் இருந்த இரண்டு கட்டிகளை அகற்றிய மருத்துவர் தெய்வநாயகி, ஆறு திங்களுக்கு மேடை ஏறக் கூடாது, நாளொன்றுக்குப் பதினைந்து மணித்துளிக்கு மேல் பேசக் கூடாது என்று கட்டளையிட்டிருக்கிறார். இவ்வறக்கட்டளையின் செயலாளரும் அவரே. "பேசத்தான் கூடாது. எழுதலாம்ல? எங்களுக்கு நல்ல தமிழ்ல எழுத ஒரு ஆள் வேணும்" என்றார். வந்தேன்.

பணி இதுதான். தஞ்சை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை ஆகிய மூன்று மருத்துவமனைகளும் நோயாளர் பதிவுகளைத் தனித்தனி மென்பொருள்களில் வைத்திருக்கின்றன. அவற்றை ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கிறார்கள். எதை முதலில் செய்வது, எதைச் சரிபார்ப்பது, எதை நீக்குவது எனப் படிப்படியாகச் சொல்லும் பணிமுறை ஆவணம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒன்று இருக்கிறது. கிளைகளில் அதைப் படித்தவர்கள் ஆளுக்கொரு பொருள் கொண்டார்களாம்.

அதை எழுதியவர் பிரிவின் தலைவர் நிசாமுதீன். ஐம்பதை நெருங்கியவர், முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லாமல் பகடி பேசுபவர். என் குறிப்பேட்டில் தம் பெயரைப் பார்த்துவிட்டு, "எங்க அத்தா வெச்ச பேருல ஒரு எழுத்தக் காணோமேங்கய்யா" என்றார். தமிழில் அவ்வெழுத்து இல்லை என்று எழுதிக் காட்டினேன்.

"அப்ப நானும் இல்லையா?" என்றார்.

மாசி 4, வெள்ளி

நிசாமுதீனின் விளக்கம் தெளிவானது. ஒவ்வொரு கிளையும் தன் பதிவுகளை ஒரு விரிதாளில் எடுத்து, முதலில் துப்புரவு செய்ய வேண்டும். தலைப்பெழுத்தைத் தனிக் கட்டத்துக்கு மாற்றுவது, பிறந்த நாளை ஒரே வடிவில் எழுதுவது, பெயருக்கு முன்னுள்ள திரு, திருமதி, செல்வி என்னும் அடைமொழிகளை நீக்குவது ஆகியன அதில் அடங்கும். அதன்பின் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும் வரிகளை அழிக்க வேண்டும். பழைய மென்பொருளைச் சோதிப்பதற்காக யாரோ உள்ளிட்ட போலி வரிகள் அவை. தூய்மையான தாள் தலைமையிடத்துக்கு வந்ததும் இவர்கள் தளத்தில் ஏற்றுவார்கள்.

செல்வி என்பது பெயராகவும் வருமே என்று எழுதிக் காட்டினேன். நிசாமுதீன் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் கணக்கில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட செல்விகள் காணாமற்போயிருப்பார்கள். செல்வி தனித்து நின்றால் நீக்கற்க என்று ஒரு விலக்கு எழுதினேன். திரு, திருமதி ஆகியவற்றை யாரும் பெயராக வைப்பதில்லை. அவற்றுக்கு விலக்குத் தேவையில்லை என்பதையும் நானே எழுதினேன்.

மாலையில் பிரிவு முழுவதும் அந்த எழுநூறு செல்விகளைப் பற்றியே பேச்சு. மகிழ்ச்சியாக இருந்தது.

மாசி 9, புதன்

அதிமதுரம் தீர்ந்தது. இன்று பேசியது நான்கு மணித்துளி, அதுவும் பால்காரரிடம்.

மாசி 14, திங்கள்

பதிப்பு 1.2க்கு நிசாமுதீன் ஒப்புதல் அளித்தார். அதைக் கொண்டு தஞ்சை, மன்னார்குடிப் பதிவுகள் தளத்தில் ஏறிவிட்டன. மன்னார்குடியில் ஒருவர் பழைய அச்சுத் தாளைப் பார்த்துச் செய்ததால் ஒரு நாள் வீணாயிற்று. அது மீண்டும் நேராதிருக்கப் பத்தொன்பதாம் படி ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன்: புதிய பதிப்பு வந்தவுடன் பழைய தாளைக் கிழித்து அழித்துவிடுக. எல்லாரும் ஏற்றார்கள்.

எஞ்சியிருப்பது பட்டுக்கோட்டை. அங்கே பதிவுப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் உரோசுமேரி. எட்டு ஆண்டுகளாக ஒப்பந்தப் பணி. வரும் சித்திரையில் பணி நிலைப்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆவணத்தின் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படிப்பவர் என்பது அவர் கேட்கும் கேள்விகளில் தெரிகிறது. அவர் அழைப்பார், நான் கேட்டுக்கொண்டு குறுஞ்செய்தியில் விடை அனுப்புவேன். பணியாளர் பட்டியலில் தம் பெயரைப் பார்த்துவிட்டு இன்று அழைத்தார். "உரோசுமேரி யாருங்கய்யா? புதுசா ஆள் எடுத்திருக்கீங்களா?" என்றார். 

மாசி 16, புதன்

பட்டுக்கோட்டையின் மூலப் பதிவுகளை இன்று புரட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டாயிரம் பெயர்கள். தமிழில் பெயர் வையுங்கள் என்று எத்தனை மேடைகளில் எத்தனை முறை சொன்னது, ஊர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஆவணத்தின் துப்புரவுப் பகுதியில் ஒரு வரி சேர்த்து, பதிப்பு 1.3 எனப் பொதுக் கோப்புறை வழியாகப் பட்டுக்கோட்டைக்கு அனுப்பினேன். 'மாற்றம்' என்னும் கட்டத்தில் 'எழுத்துத் திருத்தம்' என்று பதிந்தேன். அது உண்மையும் கூட. இதற்கெல்லாம் நிசாமுதீனின் ஒப்புதல் கேட்பது அவருடைய நேரத்தை வீணாக்குவதாகும்.

மாசி 21, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. மேசையைச் சாளரத்திலிருந்து இரண்டடி உள்ளே தள்ளிக்கொண்டேன்.

நண்பகலில் உரோசுமேரி அழைத்தார். பதினொரு வரிகள் பெயரின்றி வெறுமையாக நிற்கின்றன, வயதும் முகவரியும் மட்டும் இருக்கின்றன, நீக்கிவிடலாமா என்று கேட்டார். மன்னார்குடியில் நாற்பதுக்கு மேல் நீக்கினார்கள். பதினொன்று மிகக் குறைவு. ஆவணத்தில் உள்ளபடி செய்க என்று அனுப்பினேன்.

மாசி 22, செவ்வாய்

பட்டுக்கோட்டையும் ஏறிவிட்டது. நிசாமுதீன் எல்லாருக்கும் இலட்டு வாங்கினார். வரும் திங்கட்கிழமை முதல் மூன்று மருத்துவமனைகளும் புதிய தளத்தில் இயங்கும்.

மாசி 28, திங்கள்

இயங்குகிறது.

பங்குனி 1, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பட்டுக்கோட்டையில் சிறீமதி என்று ஒரு பெண், வயது முப்பத்து நான்கு. சிறுநீரகம் செயலிழந்தவர். செவ்வாயும் வெள்ளியும் குருதியைத் தூய்மை செய்யும் பொறியில் நான்கு மணி நேரம் படுக்க வேண்டும். மூன்றாண்டுகளாக அப்படித்தான் வாழ்கிறார். நேற்று முன்தினம் வந்தபோது புதிய பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவருடைய நேரம் வேறொருவருக்குத் தரப்பட்டிருந்தது. முகப்பில் இருந்தவர் புதியவர். வியாழக்கிழமை வந்து பாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நேற்று மாலை நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, ஊர்தியில் கொண்டுவந்திருக்கிறார்கள். உயிர் இருக்கிறது. தீவிரப் பிரிவில் இருக்கிறார்.

நிசாமுதீன் காலை முதல் தேடினார். பட்டுக்கோட்டையின் பழைய பதிவில் பெயர் இருக்கிறது. உரோசுமேரி அனுப்பிய தாளில் அந்த வரியே இல்லை. மொத்தம் பதினொரு வரிகள் அப்படி அழிந்திருக்கின்றன. அவற்றைப் பழைய பதிவிலிருந்து எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாருங்கய்யா. வேற வேற ஊரு, வேற வேற வயசு. பதினொரு பேருக்கும் ஒரே பேரு."

பதினொரு சிறீமதிகள்.

நான் சேர்த்த வரி இது: வடவெழுத்தாகிய சிறீ வருமிடத்தெல்லாம் திரு என எழுதுக. அதற்கு அடுத்த படி: திரு, திருமதி எனத் தனித்து நிற்கும் அடைமொழிகளை நீக்குக. சிறீமதி திருமதி ஆயிற்று, திருமதி நீங்கிற்று, பெயர்க் கட்டம் வெறுமையாயிற்று. வெறுமையான வரியை அழிக்கச் சொல்லும் படி என்னுடையதன்று. அது ஆங்கில ஆவணத்திலேயே இருந்தது.

மின்விசிறி முழு விரைவில் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

பங்குனி 2, வெள்ளி

பதிப்பு 1.4 அனுப்பினேன். ஒரு வரி குறைவு. பழைய கோப்பின் மேலேயே எழுதிச் சேமித்தேன். மாற்றம்: எழுத்துத் திருத்தம்.

பங்குனி 5, திங்கள்

மருத்துவர் தெய்வநாயகியின் அறையில் விசாரணை. உரோசுமேரியை இன்றுதான் நேரில் காண்கிறேன். குள்ளமான பெண்மணி, நாற்பது வயதிருக்கும். காலைப் பேருந்தில் வந்தவர், சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

மூலத்தில் இருந்த பெயர் உங்கள் தாளில் எப்படி இல்லாமற்போயிற்று என்று மருத்துவர் கேட்டார். சிறீ என்பதைத் திரு என்று மாற்றச் சொல்லி ஆவணத்தில் இருந்தது, மாற்றினேன் என்றார் உரோசுமேரி. நிசாமுதீன் தாம் ஒப்புதல் அளித்த 1.2ஐ எடுத்துப் பார்த்தார், அதில் இல்லை. பொதுக் கோப்புறையில் இருந்த 1.4ஐப் பார்த்தார், அதிலும் இல்லை. நீங்கள் பார்த்துச் செய்த தாள் எங்கே என்று மருத்துவர் கேட்டார்.

"கிழிச்சிட்டேம்மா. வெள்ளிக்கெழம புதுசு வந்துச்சு. பழசக் கிழிக்கணும்னு பத்தொம்பதாம் படியில இருக்குல்ல."

"வசதியா கிழிச்சிருக்கீங்க" என்றார் மருத்துவர்.

பிறகு என் பக்கம் திரும்பி, அப்படி ஒரு வரி ஆவணத்தில் உண்டா என்று கேட்டார். நான் எழுதிக் காட்டினேன்: இப்பதிப்பில் இல்லை.

பொய்யன்று. உரோசுமேரி என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார். படித்துவிட்டு மடியிலிருந்த தூக்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

முடிவு வரும் திங்களன்று. ஒப்பந்தம் நீக்கப்படும் என்றும், ஓர் உயிரோடு விளையாடியதற்காகக் காவல்துறையில் முறையீடு செய்யப்படும் என்றும் மாடிப்படியில் பேசிக்கொண்டார்கள்.

பங்குனி 6, செவ்வாய்

தேநீர் வேளையில் நிசாமுதீன் நாற்காலியை என் மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பட்டுக்கோட்டைத் தாள்ல திருனிவாசன்னு ஒருத்தர் இருக்காருங்கய்யா. திருதரன்னு ஒருத்தர். திருரங்கம்னு ஒரு ஊரே இருக்கு. அந்தம்மாவுக்குத் திடீர்னு இப்படி ஒரு தமிழ்ப் பற்று வந்திருக்கு பாருங்க."

சிரிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நான் தேநீரைக் குடித்து முடித்தேன். அவர் நாற்காலியை மீண்டும் தம் இடத்துக்கு இழுத்துச் சென்றார்.

பங்குனி 8, வியாழன்

ஆவணம் கிளையில் எவ்வாறு பயன்படுகிறது என்று நேரில் காண வேண்டும் எனச் சொல்லி, ஒரு நாள் இசைவு பெற்றுப் பட்டுக்கோட்டைக்குச் சென்றேன்.

சிறீமதியைப் பொதுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் தையற்கடை வைத்திருப்பவர். கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். தலைமையிடத்திலிருந்து வந்திருக்கிறேன், பேச இயலாது, பெயரைச் சரியாகப் பதிய வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை, அவருக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது.

"கல்யாணத்து நன்றி அட்டையில திருமதி சிறீமதின்னு போட்டுட்டாங்க சார். ஒரே பேர எதுக்கு ரெண்டு வாட்டி சொல்றீங்கன்னு எங்க வீட்டுக்காரரு கூட்டாளிங்க ஒரு வருசம் சிரிச்சாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "இப்ப ஒரு வாட்டி கூட இல்லன்னுட்டாங்க. நான் முன்னாடி நிக்கிறேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரப் பாத்து, அப்படி யாரும் இல்லங்குது. மூணு வருசமா வர்றேன், எந்தக் கட்டில்னு கூடச் சொன்னேன். இல்லங்குது."

கையில் ஊசி குத்திய இடமெல்லாம் தடித்திருந்தது. என் குறிப்பேட்டை வாங்கி, பெயரைத் தாமே எழுதிக் கொடுத்தார். தையற்கடைக்காரர்கள் அளவு குறிப்பது போன்ற சிறிய, அழுத்தமான எழுத்து. முதலெழுத்தைச் சுழித்து எழுதும்போது நா நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

கீழே வந்தபோது உரோசுமேரி வாயிலில் நின்றிருந்தார். நான் வந்திருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அந்த வரி எனக்கு மனப்பாடமா இருக்குங்கய்யா" என்றார். பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பது போல் சொன்னார்: "வடவெழுத்தாகிய சிறீ வருமிடத்தெல்லாம் திரு என எழுதுக."

நான் குறிப்பேட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இத நானாக் கட்டிச் சொல்ல முடியுமா? எனக்கு வருமிடத்தெல்லாம்னு வாய்லயே வராது. நேத்து எம்புருசன்கிட்ட சொல்லிக் காட்டினேன், சிரிக்கிறாரு. அன்னிக்கு அந்த ரூம்புல சொல்லிருக்கலாம். நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்."

பேருந்தில் இடம் கிடைத்தது. இன்று பேசியது: சுழியம். பதினைந்து மணித்துளியும் அப்படியே மிச்சம்.

பங்குனி 10, சனி

மருத்துவருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். மொழித் தூய்மையைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தேன்.

பங்குனி 12, திங்கள்

காலை பத்து மணிக்கு அதே அறை. மருத்துவர் தெய்வநாயகி, நிஜாமுதீன், ரோஸ்மேரி, நான். ஆணைத் தாள் அச்சாகி மேசையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

மருத்துவர் தொடங்குவதற்கு முன் எழுந்து நின்றேன். "எழுதிக் காட்டுங்க ஐயா, தொண்டைய வருத்தாதீங்க" என்றார். எழுதிக் காட்டினால் அதை அவர் ஒருவர்தான் படிப்பார். குறிப்பேட்டை நாற்காலியில் வைத்துவிட்டுப் பேசினேன்.

"ஸ்ரீ என்பதைத் திரு என மாற்றச் சொன்ன வரி 1.3இல் இருந்தது. எழுதியவன் நான். யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. ஸ்ரீமதி என்று பெயர் இருக்கும் என்று நினைக்கவுமில்லை. பதினொரு வரிகள் வெறுமையாக வருகின்றன என்று ரோஸ்மேரி என்னைக் கேட்டார். என்னவென்று பார்க்காமல் நீக்கச் சொன்னவனும் நான். பிறகு 1.4இல் அந்த வரியை எடுத்துவிட்டேன். போன திங்களன்று இதே அறையில் நீங்கள் கேட்டபோது, அதைத் தெரிந்துகொண்டே, இப்பதிப்பில் இல்லை என்று எழுதினேன்."

குரல் பாதியில் உடைந்தது. கடைசி வரி வெறும் காற்றாகத்தான் வந்தது. ஒரு கருத்தைச் சொல்ல முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்பவன் நான். இதற்கு ஒரு மணித்துளி கூட ஆகவில்லை.

மருத்துவர் கவிழ்த்து வைத்திருந்த ஆணைத் தாளை எடுத்து நான்காகக் கிழித்தார். ரோஸ்மேரியிடம், "வசதியா கிழிச்சீங்கன்னு சொன்னேன். அது தப்பும்மா" என்றார். ரோஸ்மேரி தலையாட்டினார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பதினொன்றரைக்குப் பட்டுக்கோட்டை வண்டி இருக்கிறது, போகலாமா என்று கேட்டார்.

என்னிடம் மருத்துவர் சொன்னது இரண்டு. முதலாவது, அழிந்த பதிவுகளை மீட்டு, சரியான ஆவணத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் பங்குனியோடு நான் போகலாம். ஸ்ரீமதி முறையீடு செய்ய விரும்பினால் அதில் என் பெயர் இருக்கும். இரண்டாவது, தொண்டைக்கு இரண்டு வாரம் முழு ஓய்வு, ஒரு சொல்லும் கூடாது.

வெளியே வந்ததும் நிஜாமுதீன், பொதுக் கோப்புறையில் சேரும் ஒவ்வொரு பதிப்புக்கும் தானாகவே ஒரு நகல் எடுத்து வைக்கப்படும் என்றார். 1.3இன் நகல் போன செவ்வாய்க்கிழமையே அவருக்குக் கிடைத்துவிட்டதாம்.

ஏன் காட்டவில்லை என்று எழுதிக் கேட்டேன்.

"இன்னிக்குக் காட்டலாம்னுதான் சட்டைப் பையில வெச்சிருந்தேன்" என்று எடுத்துக் காட்டினார்.

பங்குனி 13, செவ்வாய்

நிஜாமுதீனும் நானும் பதினொரு பதிவுகளையும் மீட்டோம். தட்டச்சு செய்தவன் நான். பதினொரு முறை. முகவரிகளில் இருந்த ஊர்களையும், திருனிவாசனையும் திருதரனையும் பழையபடி ஆக்கினோம். மாலை நான்கு மணிக்குப் பட்டுக்கோட்டையிலிருந்து செய்தி வந்தது. ஸ்ரீமதி தம் பழைய கட்டிலில், தம் பழைய நேரத்தில், பொறியில் இருக்கிறார்.

பங்குனி 15, வியாழன்

பதிப்பு 1.5க்கு நிஜாமுதீன் முழுவதும் படித்துப் பார்த்து ஒப்புதல் அளித்தார். 'மாற்றம்' என்னும் கட்டத்தில் எழுதியது:

அவரவர் பெயரை அவரவர் எழுதுகிறபடியே பதிக. எந்த எழுத்தையும் மாற்றற்க. பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால் அழிப்பதற்கு முன் மூலப் பதிவைப் பார்க்க. இம்மாற்றத்தின் காரணம்: ஆவணம் எழுதியவர் ஒப்புதலின்றி 1.3இல் ஒரு வரியைச் சேர்த்து, 1.4இல் அதை மறைத்தார். அதனால் அழிந்தவை பதினொரு பதிவுகள். எழுதியவர்: மா. அறவாழி.

கட்டம் சிறியது. இத்தனையும் அதில் அடங்காது என்று நிஜாமுதீன் அதை அகலமாக்கித் தந்தார்.

பிற்பகலில் ரோஸ்மேரி அழைத்தார். அச்சிட்டு முழுவதும் படித்துவிட்டாராம்.

"பத்தொம்பதாம் படியக் காணோமேங்கய்யா. பழைய தாள என்ன செய்யுறது?"

வைத்துக்கொள்ளுங்கள் என்று செய்தி அனுப்பினேன்.

"வெச்சுக்கத்தான் போறேன்" என்றார்.